அண்ணன்மேல் ஜெம்மா எழுதிய புகார்

ஜெம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அதுதான் பயப்பட வேண்டிய இடம். உதியன்குளங்கரைச் சந்தையில் இருபத்திரண்டு வருடம் மீன் விற்றவள். சுற்றிலும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு நடுவில் இவள் மட்டும் அலுமினியச் சருவத்துக்குப் பின்னால் கம்மென்று உட்கார்ந்திருப்பாள். எவனாவது சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றைய மீன் என்று முகத்தைச் சுளித்தால், "அப்போ நேத்தைக்கு வந்திருக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாழையிலையை இழுத்து மீனை மூடிவிடுவாள். பிறகு அவன் தலைகீழாக நின்றாலும் அன்று அவளிடம் மீன் கிடையாது.

இப்படிப்பட்டவள் கூடப்பிறந்த அண்ணன்மேல் பொய்ப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் போட்டாள். போட வைத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் ஊர் சின்னப்பொழி. பாதி நெய்யாற்றின்கரைத் தாலுகா, கேரளம். மீதி விளவங்கோடு, தமிழ்நாடு. கோடு போட்டவர்கள் ஐம்பத்தாறில் போட்டார்கள். அது எங்கே ஓடுகிறது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டுவார்கள், அவ்வளவுதான். கோவில் தமிழ்நாட்டில், கல்லறைத் தோட்டம் கேரளத்தில். ஞானஸ்நானம் அங்கே, அடக்கம் இங்கே. ஜெம்மா பிறந்தது அந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் மணலில் நூற்றிருபது தப்படி. கல்யாணத்தன்று காரில்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். மாமனார் வாடகைக் கார் பிடித்து, உதியன்குளங்கரை வரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

சிக்கல் கடலில் இருந்தது. மணலில் நட்டிருந்த எல்லைக்கல்லை எழுபத்தொன்பதாம் வருடம் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கரையைக் காக்கக் கேரளம் கருங்கல் அடுக்கிக்கொண்டு வந்தது. எல்லை எங்கே என்று தெரியாததால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டது. தமிழ்நாடும் அந்தப் பக்கமிருந்து அடுக்கிக்கொண்டு வந்தது; அதே பயத்தில் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டது. இரண்டு சுவருக்கும் நடுவில் எழுபது தப்படி திறந்து கிடந்தது. நீளத்துக்கும் சுவரில் மோதித் திரும்புகிற கடல் அந்த எழுபது தப்படியைக் கண்டால் விடுமா? ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிறந்தால் மொத்தக் கடலும் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வரும். அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒன்பது வீடுகள். முதல் வீடு லிண்டோவுடையது. அடுத்தது ஜெம்மாவுடையது. அதற்கும் பின்னால் லிஷாவுடையது.

ஜெம்மாவின் கணவன் செவரியான் முனம்பத்தில் விசைப்படகு வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு. மகள் மினி காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மீன் விற்று, சீட்டுப் பிடித்து, ஜெம்மா ஒற்றையாளாகக் கட்டிய வீடு அது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. அந்த வீடு போகக்கூடாது. அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது, அதற்காக ஏறாத ஆபீஸ் இல்லை. கேரளத்து எஞ்சினியர் அது தமிழ்நாட்டு பாகம் என்பார். தமிழ்நாட்டு எஞ்சினியர் அது கேரளா லிமிட்டு என்பார். மலையாளத்தில் ஒரு மனு, தமிழில் ஒரு மனு என்று ஊர்க்காரர்கள் வருடம் தவறாமல் எழுதினார்கள். எழுதிய தாளை அடுக்கியிருந்தாலே பாதிச் சுவர் எழும்பியிருக்கும்.

தொண்ணூற்றாறு கடைசியில்தான் மோகனன் வந்தான். திருவனந்தபுரத்தில் ஒரு சேவை அமைப்பில் வேலை, தோளில் ஜோல்னாப் பை, நெய்யாற்றின்கரைக்காரன். ஜெம்மாவையும், அந்தப் பக்கம் கரைமடி வலைக்காரர்களுக்குத் தலைவராக இருந்த அவள் அண்ணன் கிரகோரியையும் உட்காரவைத்து, உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று விளக்கினான்.

"சூடு எதுனால?" என்றாள் ஜெம்மா.

"புகையினாலயாக்கும் சேச்சி. கம்பெனி, வண்டி, எல்லாம்."

"ஆருக்க புகை?"

மோகனன் கொஞ்சம் தயங்கினான். "கூடுதலும் யூரோப்பு, அமெரிக்கா."

"அப்போ அவிய புகைச்சதுக்கு எனக்க வீடு போவுது. செரி. அதுக்கு என்ன செய்யப் போறாவளாம்?"

அதற்குத்தான் அவன் வந்திருந்தான். ஐரோப்பாவில் ஓர் ஆறு. இரண்டு கரையிலும் இரண்டு நாடுகள். ஒரு காலத்தில் ஒன்றையொன்று குண்டு போட்டுக் கொன்றவர்கள். இப்போது ஒரே வெள்ளம் இரண்டு பேரையும் அடிப்பதால் சேர்ந்து கரை கட்டுகிறார்கள், சேர்ந்து மரம் நடுகிறார்கள். அப்படி எல்லை தாண்டிக் கைகோக்கிறவர்களுக்கென்றே அங்கே ஒரு நிதி உண்டு. மற்றக் கண்டங்களிலும் ஒன்றிரண்டு எல்லைகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். "நமக்கும் ஒரு எல்லை உண்டல்லோ" என்றான் மோகனன்.

கிரகோரி தொடையில் தட்டினார். இத்தனை வருடம் தொல்லையாகவே இருந்த கோடு முதல்தடவையாக எதற்கோ உதவப் போகிறது. எல்லை தாண்டி ஒன்றாக இருப்பதற்குக் காசு என்றால், சின்னப்பொழியை அடிக்க உலகத்தில் எவன் இருக்கிறான்? ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. அங்கேதான் ஏமாந்தார்கள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில், பார்த்து எழுதிப் போக அந்த நிதியிலிருந்து ஒரு வெள்ளைக்கார மதாம்மா வந்தாள். நல்ல பெண்தான், வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க நின்றாள், கொடுத்த மரச்சீனிக் கிழங்கை மீன்கறியோடு தின்றாள். அன்றைக்கென்று கரைமடியை இறக்கினார்கள். கரைமடி என்றால் பெரிய இழுவலை. அதன் ஒரு கயிற்றைக் கரையில் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் வலையைக் கடலுக்குள் அரைவட்டமாகக் கொண்டுபோய், மறு கயிற்றைத் தள்ளி இன்னோர் இடத்தில் கரையேற்றுவார்கள். இரண்டு கயிற்றிலும் இருபது இருபது பேர் நின்று ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் அத்தனையும் வெளியே போய்விடும். சின்னப்பொழிக் கரைமடியில் ஒரு கயிறு கேரளத்து மணலில், மறு கயிறு தமிழ்நாட்டு மணலில். என்றைக்கும் அப்படித்தான். மதாம்மாவும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிறு பிடித்தாள். மடி நிறைய நெத்தோலி.

பிறகு அவள் கேள்வி கேட்டாள். மோகனன் மொழிபெயர்த்தான்.

"ரெண்டு சமுதாயமும் வருசத்துக்கு எத்தற தடவ கூடி ஆலோசிப்பீங்கன்னு கேக்குது."

"எந்த ரெண்டு?" என்றாள் ஜெம்மா. "பிரிஞ்சு இருந்தாத்தானே கூடதுக்கு? நாங்க ஒரே ஆளுவளாக்கும்ன்னு சொல்லு."

"சேச்சி, கொஞ்சம் யோசிச்சு..."

"நான் சொன்னத அப்படியே சொல்லு மோகனா."

இரண்டு பக்கத்துக்கும் இடையே என்ன வழக்கு உண்டு என்று அடுத்த கேள்வி. கிரகோரி தாடையைத் தடவினார். "வழக்கு உண்டு. எனக்க தங்கச்சி மீங்கொழம்புல புளி கூடுதலாக்கும். நாப்பது வருச வழக்கு." எல்லோரும் சிரித்தார்கள். மதாம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. மினி வாசித்து அர்த்தம் சொன்னாள். இரு சமூகங்களிடையே ஒத்துழைப்பு ஏற்கெனவே முழுமையாக உள்ளது. ஆகவே எங்கள் நிதியால் இங்கே புதிதாக உண்டாகக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. தவிர, இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று சாராத தனித்தனி அமைப்புகள் என்று எங்களால் கருத முடியவில்லை. உங்கள் ஒற்றுமைக்கு எங்கள் வாழ்த்துகள்.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் ஜெம்மா.

மினி இன்னொரு தடவை சொன்னாள்.

"ஒத்துமையா இருக்கதுனால காசு இல்ல."

"அப்படித்தான் எழுதியிருக்கு அம்மா."

ஜெம்மா கடிதத்தை வாங்கி மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அந்த ஜூனில் லிண்டோவின் வீடு கடலுக்குள் போனது. கட்டில், பீரோ, திருக்குடும்பப் படம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி ஜெம்மாவின் முற்றத்தில் வைத்தார்கள். இப்போது கடலுக்கு முதல் வீடு அவளுடையது.

மோகனன் மறுபடியும் வந்தான். வழி இருக்கிறதாம். இரண்டு பக்கமும் தனித்தனிச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும்; இந்தப் பக்கத்துக்கு ஜெம்மா தலைவி, அந்தப் பக்கத்துக்குக் கிரகோரி. இரண்டுக்கும் நடுவில் தகராறு இருக்கிறது, அதனால்தான் கரையைக் காக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மறு பக்கத்தின்மேல் உள்ள குறையைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அந்த நிதி வந்து இரண்டு பேரையும் சேர்த்துவைக்கும்.

"சேந்து கெடக்கவன பிரிச்சு, பெறவு சேக்கதுக்கு அவனுவளுக்குக் காசு உண்டு. கல்லு போட இல்லியா?" ஜெம்மாவின் குரல் அடியாழத்துக்கு இறங்கியது.

"கல்லும் வரும் சேச்சி. ஆதியம் இது, பின்ன அது."

கிரகோரி ஒத்துக்கொண்டுவிட்டார். "பிள்ளே, வெறும் தாளாக்கும். ஒப்பு போட்டா கை தேஞ்சா போவும்?"

"கை தேயாது அண்ணே. நாக்கு அழுவிப் போவும்."

"அடுத்த இடவப்பாதிக்கு உனக்க வீடு நிக்கணுமா வேண்டாமா?"

அன்று மத்தியானம் ஜெம்மா அடுக்களையில் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினாள்: தொண்ணூற்று நான்கில் தமிழ்நாட்டுப் பக்கத்தார் கரைமடிப் பங்கில் எங்களை ஏமாற்றினார்கள், அதற்குக் காரணம் அவர்கள் தலைவர் கிரகோரி. எழுதி முடித்ததும் மோகனன் மறு தாளைக் காட்டினான். கிரகோரி தமிழில் எழுதியது. கேரளப் பக்கத்தார் எங்கள் பிரேதங்களைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய விடுவதில்லை.

ஜெம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரகோரியின் மனைவியை அந்தத் தோட்டத்தில்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு அடக்கினார்கள். குளிப்பாட்டியது ஜெம்மா. கல்யாணச் சேலையைத் தேடியெடுத்துக் கட்டிவிட்டதும் ஜெம்மா. அண்ணனுக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லையா என்று ஆத்திரமாக வந்தது. பிறகு, நாம் எழுதியது மட்டும் என்ன வாழ்கிறது என்று தோன்ற, அந்த ஆத்திரத்தைப் போட இடமில்லாமல் போயிற்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஜனவரியில் மதாம்மா இரண்டாம் தடவை வந்தபோது கரைமடி கொட்டகையில் கிடந்தது. எல்லைக்கென்று மணலில் மூங்கில் நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டி, இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் மீன்பாடு போனது போனதுதான். பழக்கதோஷத்தில் கிரகோரி பாதியில் எழுந்து தங்கை வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கிளம்பிவிட்டார். மோகனன் ஓடிப்போய் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். மதாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போன தடவை நான் பார்த்தது விருந்தாளிக்காக நடத்திய நாடகம் என்று இப்போது புரிகிறது, இன்றைக்குத்தான் உங்கள் உண்மையான நிலைமையைக் கண்டேன் என்றாளாம். கேட்டீர்களா கூத்தை.

மே மாதம் காசு வந்தது. கல் வரவில்லை. கட்டுமான வேலை இந்த நிதியில் வராது என்று ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்தில் எங்கேயோ எழுதியிருந்ததாம். அது சமரசத்துக்கான காசு. பாறசாலையில் மண்டபம் பிடித்து ஏழு கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் பிரியாணி, பேனர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைல், இரண்டு பக்கத்தார் எழுதிய குறைகளையும் படம்பிடித்து மூன்று மொழியில் போட்ட வழவழ புத்தகம். கடற்கரைக்கென்று வந்தது நானூறு தாழங்கன்று மட்டும். ஜூன் முதல் வாரம் நட்டார்கள். அந்த மாதத்தில் அந்த இடத்தில் எவனாவது கன்று நடுவானா? ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை.

"கல்லு எப்ப?" என்று ஜெம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டாள். ரெண்டாம் கட்டம் என்றான் மோகனன். முதல் கட்டம் நல்லபடியாக முடிந்தால்தான் ரெண்டாம் கட்டம். அதனால் அவளும் தவறாமல் போனாள்.

ஜூன் பதினெட்டு கடைசிக் கூட்டம். மேடையில் இரண்டு பக்கத் தலைவர்களும் கைகுலுக்க வேண்டும், போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கிரகோரி துவைத்த சட்டையோடு ஒரு ஓரத்தில், ஜெம்மா மறு ஓரத்தில். இருவரும் நடுவில் வந்து கை நீட்டினார்கள். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்றான் போட்டோக்காரன். அப்போதுதான் லிஷா நனைந்த சேலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஜெம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்க வீட்டுல முன்ன இருந்த முறி போச்சு அக்கா. அடுக்களையும் இப்ப போவும்."

ஜெம்மா மேடையிலிருந்து இறங்கப் போனாள். மோகனன் குறுக்கே வந்தான். "சேச்சி, ஒரே ஒரு போட்டோ. ரெண்டு நிமிசம். இல்லெங்கில் ரெண்டாம் கட்டம்..."

அவனை அடித்திருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அவள் அடித்தாள் என்றே இன்றும் சொல்கிறார்கள். அடிக்கவில்லை. "எனக்க வீடு போன அன்னைக்கு எனக்க அண்ணங்கிட்ட ராசியானேன்னு எழுதிக்கோ. அதுதானே வேணும் உனக்கு" என்று, மைக்கிலும் விழாத குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பின்னாலேயே கிரகோரியும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பின்சுவரும், அதில் ஜன்னலும் நின்றன. அரை மணி நேரத்தில் அவையும் இல்லை. மினியின் பெட்டியையும் கட்டிலையும் லிண்டோ இழுத்து வெளியே போட்டிருந்தான். சீட்டுப் பிடித்து, வெயிலில் வெந்து, ஒவ்வொரு ஓடாக வாங்கிக் கட்டிய வீடு. ஜெம்மா அழவில்லை. மணலை அள்ளிக் கடலைப் பார்த்து வீசினாள். பிறகு பாறசாலை இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு பிடி வீசினாள். அண்ணன் வீட்டுக்குக் குடிபோனாள்.

பேப்பரில் செய்தி வந்தது. அதனால் ஆகஸ்டில் ஒரு நடக்காத காரியம் நடந்தது: இரண்டு மாநிலத்து எஞ்சினியர்களும் ஒரே நாளில், இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். டேப் பிடித்து அந்த எழுபது தப்படியை அளந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. அளந்து முடித்ததும் தமிழ்நாட்டு எஞ்சினியர் பைலைத் திறந்தார். உள்ளே அந்த வழவழ புத்தகம்.

"ரெண்டு தரப்புக்கும் தகராறு இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. தகராறு உள்ள இடத்துல கல்லு போட்டா நாளைக்கே கோர்ட்டுல தடை வாங்குவாங்க. மேல அனுமதி கிடைக்காது."

கேரளத்து எஞ்சினியர் தன் பையைத் தட்டிக்காட்டி, தன்னிடமும் அதே புத்தகம் இருப்பதாகச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் இரண்டு மாநிலமும் ஒரே பேச்சுக்கு வந்தது அன்றுதான்.

"அது பொய்யாக்கும் சாரே" என்று கிரகோரி முன்னால் வந்தார். "காசு கிட்டும்ன்னு சொன்னதுனால எழுதினோம். எங்களுக்குள்ள ஒரு வழக்கும் இல்ல. இவ எனக்க தங்கச்சி. எனக்க வீட்டுலதான் இருக்கா."

"அப்போ அதையும் எழுதிக் கொடுங்க. ரெண்டு கலெக்டரும் விசாரிச்சு சர்ட்டிபிகேட் தரணும்." எஞ்சினியர் பக்கத்தைப் புரட்டி ஜெம்மாவின் பக்கம் நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே அம்மா?"

"எனக்க ஒப்புதான்" என்றாள் ஜெம்மா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதால் எஞ்சினியர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பத்தொம்பது வருசமா உண்மைய எழுதிக் குடுத்தோம் சாரே. அதுல ஒரு தாளாவது உங்க கையில உண்டா? ஒரே ஒரு பொய் எழுதினோம். அதத்தான் ரெண்டு கவர்மெண்டும் பத்திரமா வச்சிருக்கிய."

எஞ்சினியர் பைலைக் கட்டினார். ஒரு ஜீப் தெற்கே போனது, மற்றது வடக்கே போனது. லிஷா ஜீப்புகள் வளைவு திரும்பும்வரைகூட நிற்கவில்லை. இப்போது கடலுக்கு முதல் வீடு அவளுடையது. உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினாள்.